பிரேக் சத்தம் நின்றுவிட்டதா? அப்போதுதான் கவனிக்க வேண்டும்!

வானொலியில் காலை நிகழ்ச்சி செய்பவர்களுக்கு விடியற்காலை நான்கரை மணிதான் வேலைக்குக் கிளம்பும் நேரம். கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறினால், அந்த நேரத்தில் லோரிகளும் நானும்தான். சாலை அவ்வளவு அமைதியாக இருக்கும்போது காரின் ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாகக் காதில் விழும். அப்படி ஒரு விடியற்காலையில், நெடுஞ்சாலையை விட்டு இறங்கி சமிக்ஞை விளக்கில் நிற்கப்போனபோதுதான் முதன்முதலாக அது கேட்டது. 'கீ...ச்!' இடது பக்கம், முன் சக்கரத்திலிருந்து. கார் நின்றதும் சத்தமும் நின்றது.

ஒலியை வைத்துப் பிழைப்பவள் நான். ஒலிப்பதிவில் எங்கோ மெல்லிய இரைச்சல் இருந்தால்கூட ஹெட்போனைக் கழற்றாமல் கண்டுபிடித்துவிடுவேன். ஆனால் சொந்தக் கார் கத்தியபோது என்ன செய்தேன் தெரியுமா? பாட்டின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து மனசு கேட்கவில்லை. வீட்டு வாசலில் கைப்பேசி விளக்கை அடித்து, சக்கரத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். வெளியே தெரிந்த பிரேக் பேட் நல்ல கனமாகவே இருந்தது. அக்கம்பக்கத்துப் பட்டறையிலும் காட்டினேன். அவரும் சக்கரத்தைக் கழற்றாமல் எட்டிப் பார்த்துவிட்டு, "தூசிதான்" என்று சொல்லி பிரேக் கிளீனரை அடித்துவிட்டார். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் மறுபடியும் கீச்சு. சத்தம் தொடங்கி ஏறக்குறைய மூன்று வாரம் ஆனபோது, ஒரு திங்கட்கிழமை, சத்தம் தானாகவே நின்றுபோனது. 'அப்பாடா, சரியாகிவிட்டது' என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் ஒலிபரப்பு நடுவே நாலைந்து வினாடி மௌனம் விழுந்தால் போதும், எல்லோரும் பதறி ஓடுவோம். அந்த மௌனத்துக்குப் பதறத் தெரிந்த எனக்கு, என் காரின் மௌனத்துக்குப் பதறத் தெரியவில்லை.

மலையிலிருந்து இறங்கும்போது

அது பள்ளி விடுமுறை வாரம். அதே வியாழக்கிழமை அப்பா, அம்மா, தங்கை மகள் என எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கேமரன் மலைக்குப் போனோம். தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம். ஏறும்போது பிரேக்குக்கு வேலையே இல்லை. ஒரு குறையும் தெரியவில்லை.

மறுநாள் தாப்பா வழியாக இறங்கினோம். ரிங்லெட் தாண்டியதும் வளைவுக்குப் பின் வளைவு. நான் 'டி' கியரிலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கை மிதித்தபடி வந்தேன். பின்னால் தங்கை மகளின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா திடீரென்று பேச்சை நிறுத்தினார். காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் அழுத்தி வைத்தார்.

"பாட்ட நிறுத்துமா."

நிறுத்தினேன். 'கர்ர்ர்...' என்று இரும்பை இரும்பால் தேய்க்கும் சத்தம் அடியிலிருந்து எழுந்து வந்தது. கூடவே கருகிய வாடை.

"பிரேக்குல இரும்பு ஒரசுது. காலுல தெரியுது. பிரேக்க மிதிச்சிக்கிட்டே வராத. கியர எறக்கு. ஒதுங்க எடம் கெடச்சதும் நிறுத்து."

அப்பா செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். அவர் குரலில் பதற்றம் இல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. கியரை '2'க்கு இறக்கினேன். என்ஜின் உறுமியது, கார் வேகம் குறைந்தது. லாத்தா இஸ்கண்டார் அருவி வரை ஊர்ந்து வந்து ஓரம் கட்டினேன்.

வலது முன் சக்கரத்தின் அருகே கையை நீட்டினால் இதமான சூடுதான். இடது சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கையை வைத்தாலே அடுப்பின் முன் நிற்பதுபோல் அனல் அடித்தது. நான் தண்ணீர் போத்தலைத் திறந்தேன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் டிஸ்க் விரிசல் விடலாம். தானாக ஆறவிடுவதுதான் முறை.

அரை மணி நேரம் கழித்து, "மெல்ல ஓட்டிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டேன். அப்பா பேத்தியைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். "வேணாம். இழுவ லோரியக் கூப்புடு." காப்புறுதி நிறுவனத்தின் அவசர எண்ணுக்கு அழைத்தேன். அன்று நான் எடுத்த ஒரே நல்ல முடிவும் என்னுடையது அல்ல.

இதே நாட்டில் 2013 ஆகஸ்டு 21ஆம் நாள் கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் பாய்ந்து 37 பேர் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். மலைச்சாலையில் 'மெல்லப் போய்விடலாம்' என்ற கணக்கு வேண்டாம்.

உள்ளே இருந்த பேட்

தாப்பாவில் ஒரு பட்டறை. அங்கிருந்த அண்ணன் சக்கரத்தைக் கழற்றி, கேலிப்பரைத் தூக்கி, இரண்டு பேட்களையும் என் கையில் வைத்தார். வெளிப்பக்கத்துப் பேட்டில் இன்னும் ஐந்து மில்லிமீட்டர் இருந்தது. நான் விளக்கடித்துப் பார்த்தது அதைத்தான். உள்பக்கத்துப் பேட்டில் ஒன்றுமே இல்லை. வெறும் இரும்புத் தகடு.

"எல்லாரும் வெளிப்பக்கத்தப் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லிருவாங்கமா. காடிய நிறுத்துறது உள்பக்கமும் சேந்துதான்" என்றார்.

இந்த இடத்தில் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்பு வட்டுக்குப் பெயர் டிஸ்க் அல்லது ரோட்டர். அதன் இருபுறமும் இரண்டு பேட்கள். இரண்டையும் கவ்விப் பிடிக்கும் இடுக்கிதான் கேலிப்பர். நாம் மிதியை அழுத்தினால் பிரேக் எண்ணெயின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளும். பெரும்பாலான குடும்பக் கார்களில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கும். அது உள்பேட்டை டிஸ்க்கின்மேல் அழுத்தும்போது, கேலிப்பர் இரண்டு ஊசிகளின்மேல் வழுக்கிவந்து வெளிப்பேட்டையும் இழுத்து அழுத்தும். அந்த ஊசிகளைத்தான் ஸ்லைட் பின் என்கிறார்கள்.

என் காரில் அந்த ஊசிகளில் ஒன்று கிரீஸ் காய்ந்து, துருப்பிடித்து இறுகிவிட்டது. அதனால் கேலிப்பர் வழுக்கவில்லை. வேலை முழுக்க உள்பேட்டின் தலையில் விழுந்தது. மிதியை விட்ட பிறகும் அது முழுதாக விலகவில்லை. தேய்ந்தது, சூடானது, தீர்ந்தது.

அப்படியானால் கீச்சு ஏன் நின்றது? பல பேட்களில், பெரும்பாலும் உள்பேட்டில், ஒரு சிறிய எஃகு நாக்கு வைத்திருப்பார்கள். பேட் ஏறக்குறைய இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குத் தேயும்போது அந்த நாக்கு டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். 'என்னை மாற்று' என்று சொல்வதற்காகவே வைத்த மணி அது. மூன்று வாரம் அது கத்தியது. கடைசியில் அந்த நாக்கு மடங்கி ஒடிந்து விழுந்துவிட்டது. சத்தம் நின்றது அதனால்தான்.

அண்ணன் இன்னொன்றும் கேட்டார். "பிரேக் எண்ண கொறஞ்சிச்சா?" குறைந்திருந்தது. ஒரு மாதத்துக்கு முன் என்ஜின் எண்ணெய் மாற்றிய இடத்தில், "பிரேக் எண்ணெய் கொஞ்சம் கம்மி, ஊற்றிவிட்டோம்" என்றார்கள். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே நகரும். அது விட்டுவந்த இடத்தை நிரப்ப எண்ணெய் கீழிறங்கும். ஆகவே கலத்தில் எண்ணெய் குறைந்தால் ஒன்று பேட் தேய்ந்திருக்க வேண்டும், அல்லது எங்கோ கசிய வேண்டும். காரணம் பார்க்காமல் ஊற்றி நிரப்பினால் எச்சரிக்கையைத் துடைத்து அழித்ததாகத்தான் ஆகும்.

எந்தச் சத்தம் என்ன சொல்கிறது?

அன்று அந்தப் பட்டறையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து கேட்டதையும், பிறகு தேடிப் படித்ததையும் இங்கே வகைப்படுத்தித் தருகிறேன்.

காலையில் மட்டும் வரும் உரசல்: இரவு மழை பெய்திருந்தால், அல்லது காரைக் கழுவி நிறுத்தியிருந்தால், வார்ப்பிரும்பு டிஸ்க்கின்மேல் மெல்லிய துரு படியும். முதல் நாலைந்து முறை பிரேக் பிடிக்கும்போது 'சர்ர்' என்று உரசும், பிறகு மறைந்துவிடும். நம் ஊர் ஈரப்பதத்துக்கு இது இயல்பு. பயப்பட வேண்டாம். ஆனால் பல வாரம் ஓட்டாமல் நிறுத்திய காரில் துரு ஆழமாகக் குழி பறித்திருக்கும். அது தானாகப் போகாது.

பிரேக் பிடிக்கும்போது கீச்சு: மேலே சொன்ன எஃகு நாக்காக இருக்கலாம். பேட் புதியதாக இருந்தும் கீச்சிட்டால், பேட்டும் டிஸ்க்கும் கேலிப்பரும் சேர்ந்து அதிர்கின்றன என்று பொருள். வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிர்வதால்தான் அது அவ்வளவு கூர்மையாகக் காதைக் குத்துகிறது. பேட்டின் முதுகில் இருக்க வேண்டிய மெல்லிய தகடு விடுபட்டிருக்கலாம், உரிய கிரீஸ் பூசாமல் விட்டிருக்கலாம், பேட்டின் மேற்பரப்பு சூட்டில் கண்ணாடிபோல் இறுகியிருக்கலாம். சக்கரத்தைக் கழற்றி நான்கு பேட்களின் கனத்தையும் பார்க்காமல் யாரும் 'தூசி' என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது.

கரகரவென்ற அரைப்பு: பேட் தீர்ந்து தகடு டிஸ்க்கைத் தின்கிறது. இந்தச் சத்தத்தோடு பட்டறைவரை ஓட்டிப் போகலாமா என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு மிதிக்கும் டிஸ்க்கில் ஒரு கோடு விழுகிறது, நிற்கும் தூரம் நீள்கிறது. இழுவை லோரியைக் கூப்பிடுங்கள்.

நடுக்கம்: நெடுஞ்சாலை வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது, அல்லது மிதி காலுக்கடியில் துடிக்கிறது. ஸ்டீயரிங் உதறினால் பெரும்பாலும் முன் டிஸ்க். மிதியிலும் இருக்கையிலும் மட்டும் தெரிந்தால் பின்பக்கத்தையும் சந்தேகிக்கலாம். இதை 'டிஸ்க் வளைந்துவிட்டது' என்பார்கள். உண்மையில் பல நேரம் டிஸ்க் வளைவதில்லை, அதன் கனம் இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தாலே காலில் தெரியும். தலைமுடி அதைவிடத் தடிமன். சூடேறிய பிரேக்கை, கார் நின்ற பிறகும் ஒரே இடத்தில் இறுக்கி மிதித்துக்கொண்டிருந்தால் பேட்டின் பொருள் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்வதும் ஒரு காரணம். சக்கர நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் ஒழுங்கில்லாமல் முறுக்குவது இன்னொன்று. அடுத்த முறை டயர் மாற்றும்போது, நட்சத்திர வரிசையில், முறுக்கு அளவுச் சாவியால் இறுக்கச் சொல்லுங்கள்.

'டக்' என்ற அடி: பிரேக் தொட்டதும் ஒருமுறை 'டக்' என்றால் பேட்டைப் பிடிக்கும் கிளிப் விடுபட்டிருக்கலாம், கேலிப்பர் போல்ட் தளர்ந்திருக்கலாம். போல்ட் என்றால் அன்றே பார்க்க வேண்டிய வேலை.

பிரேக் பிடிக்காதபோதும் வரும் சத்தம்: இதில் குழப்பம் அதிகம். திடீரென்று தகரத்தைக் கீறுவதுபோல் கேட்டால், டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தூசித் தகட்டில் ஒரு சிறு கல் மாட்டியிருக்கலாம். வேகத்தோடு கூடும் 'ஊம்' என்ற முனகல், ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் மாறினால், சக்கர பேரிங்காக இருக்க வாய்ப்பு அதிகம். ஓயாத மெல்லிய உரசல், ஒரு சக்கரத்தில் மட்டும் அனல், கார் ஒரு பக்கம் இழுப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால் என் கதைதான். கேலிப்பர் இறுகிவிட்டது.

பின் சக்கரம்: மைவி, ஆக்ஸியா, சாகா போன்ற நம் சாலைகளில் அதிகம் ஓடும் பல கார்களுக்குப் பின்னால் டிஸ்க் கிடையாது, டிரம் பிரேக்தான். அதன் உள்ளே தூசி சேர்ந்தாலும் உரசும். வெளியிலிருந்து எதுவும் தெரியாது. டிரம்மைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

சத்தத்தைப் பதிவு செய்யுங்கள்

பட்டறைக்குக் கொண்டுபோகும் நாளில் சத்தம் வரவே வராது, கவனித்திருப்பீர்கள். அதற்கு என் தொழில் வழியாக ஒரு யோசனை. பாட்டையும் ஏர்கோன் காற்றாடியையும் நிறுத்துங்கள். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத நேரத்தில் நீளமான சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டுங்கள். சுவர் சத்தத்தைத் திருப்பி அனுப்பும். முதலில் இடப்பக்கச் சுவர், திரும்பி வரும்போது வலப்பக்கச் சுவர். எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். "இப்போது 30 கிலோமீட்டர், இப்போது பிரேக் மிதிக்கிறேன், இப்போது விடுகிறேன்" என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு நிமிடப் பதிவு, பட்டறையில் நாம் தரும் பத்து நிமிட விளக்கத்தைவிடப் பயன்படும்.

டிஸ்க்கின் முகத்தைப் பாருங்கள்

என் டிஸ்க்கின் வெளிமுகம் பளபளவென்று இருந்தது. உள்முகத்தைத் திருப்பிக் காட்டியபோது, நிலையத்தின் பழைய அலமாரியில் கிடக்கும் இசைத்தட்டு ஞாபகம் வந்தது. வட்ட வட்டமாகப் பள்ளங்கள். நடுவே நீலம் பாய்ந்த திட்டுகள்.

டிஸ்க் நன்றாக ஆறியிருக்கும்போது நகத்தை மையத்திலிருந்து விளிம்புக்கு இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கி நின்றால் பள்ளம் ஆழமானது. விளிம்பில் கரைபோல் மேடு நின்றால் டிஸ்க் நிறையத் தேய்ந்திருக்கிறது. நீல நிறம் அளவுக்கு மீறிச் சூடேறியதைக் காட்டும். கண்ணுக்குத் தெரியும் விரிசல் விளிம்புவரை ஓடினால் பேச்சே இல்லை, மாற்ற வேண்டியதுதான்.

பள்ளத்தைக் கடைந்து சமப்படுத்தும் வேலைக்கு ஸ்கிம்மிங் என்று பெயர். பல பட்டறைகள் செய்கின்றன. மலிவு. ஆனால் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இதற்குமேல் மெலியக்கூடாது என்று ஓர் எல்லை உண்டு. டிஸ்க்கிலேயே அந்த எண்ணைப் பொறித்திருப்பார்கள், அல்லது காரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் இருக்கும். கடைந்த பிறகு அந்த எல்லைக்குக் கீழே போகும் டிஸ்க்கைக் கடைவதில் பயனில்லை. மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது. ஆகவே "கடையலாமா, மாற்றணுமா?" என்று கேட்பதற்கு முன் "இப்போது எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது, எல்லை எத்தனை?" என்று கேளுங்கள். மைக்ரோமீட்டர் எடுத்து அளந்து காட்டுபவர் நல்ல பட்டறைக்காரர். என்னுடையது எல்லைக்குக் கீழே போயிருந்தது.

டிஸ்க்கையும் பேட்டையும் இடம் வலம் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும்.

கட்டிய விலை

பேட் 120 வெள்ளி, இரண்டு டிஸ்க் 260, ஸ்லைட் பின்னும் ரப்பர் உறையும் 60, பிரேக் எண்ணெய் 50, கூலி 80. ஆக மொத்தம் 570 வெள்ளி. முதல் கீச்சு கேட்ட வாரமே சக்கரத்தைக் கழற்றிப் பார்த்திருந்தால் அந்த 260 வெள்ளி மிஞ்சியிருக்கும். அம்மாவின் முகத்தில் நான் பார்த்த பயமும் இருந்திருக்காது.

புதுப் பேட் போட்டதும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். ஆள் இல்லாத சாலையில் 50, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதாக நிற்காமல் 10, 20 வரை நிதானமாகக் குறைப்பது, மறுபடி வேகம் எடுப்பது, இப்படி எட்டு பத்து முறை. பிறகு பிரேக் அதிகம் போடாமல் சிறிது தூரம் ஓட்டி ஆறவிடுவது. பேட்டின் பெட்டியில் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

எண்ணெயையும் மறக்கக்கூடாது. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 3 வகை எண்ணெய்க்கான தரம், புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக்கூடாது என்கிறது. ஈரம் சேர்ந்த எண்ணெய்க்கு அந்த எல்லை 140 டிகிரிதான். மலை இறக்கத்தில் எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். அப்போது மிதி பஞ்சுபோல் உள்ளே போகும், கார் நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான வழக்கம். உங்கள் கார் கையேடு சொல்வதுதான் இறுதி.

மலை இறக்கத்துக்கு அப்பா சொன்ன விதியை நான் இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். எந்தக் கியரில் ஏறினாயோ ஏறக்குறைய அந்தக் கியரில் இறங்கு. ஆட்டோ காரிலும் 'எல்', '2', 'எஸ்', 'பி' என்று ஏதோ ஓர் எழுத்தோ எண்ணோ அதற்காகவே இருக்கிறது. வேகத்தைப் பிடித்து வைக்கும் வேலையை என்ஜின் பார்க்கட்டும். பிரேக்கை விட்டு விட்டு, தேவைக்கு மட்டும் அழுத்துங்கள்.

அப்பாவின் காதும் காலும்

வீடு திரும்பிய பிறகும் ஒரு விஷயம் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. அந்த மூன்று வாரத்தில் அப்பா இரண்டு முறை என் காரில் வந்திருக்கிறார். அப்போது பிரேக் நன்றாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. முப்பது வருடம் லோரி ஓட்டியவர், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன்?

ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டே கைப்பேசியில் கீச்சுச் சத்தத்தின் பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். அம்மா காதைப் பொத்திக்கொண்டார். அப்பா, "போட்டுட்டியா?" என்று கேட்டார்.

வயது ஏற ஏற முதலில் மங்குவது உயர்ந்த சுருதியுள்ள ஒலிகள்தாம். பிரேக்கின் கீச்சு அந்த வகையில்தான் வருகிறது. அப்பாவுக்கு என் பேச்சு கேட்கிறது, தொலைக்காட்சி கேட்கிறது. கீச்சு மட்டும் அவருக்கு இல்லாத ஒலி. அதனால்தான் மலையில் அவர் காதை நம்பாமல் காலை நம்பினார்.

இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இன்னும் தங்கள் பழைய காரைத் தாங்களே ஓட்டுகிறார்கள். கோயிலுக்கு, சந்தைக்கு, பேரப்பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர. லோரிக்கும் பேருந்துக்கும் இருப்பதுபோல் நம் சொந்தக் கார்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனை இல்லை. அந்தக் கார் கத்தினால் அவர்கள் காதுக்கு எட்டாமலே போகலாம். நமக்கு எட்டும். நாம் அதில் ஏறினால்தான்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் காரை நான் ஓட்டுகிறேன். பாட்டு இல்லை, ஏர்கோன் இல்லை, கண்ணாடி இறக்கியபடி, தாமான் மதிற்சுவரை ஒட்டி ஒரு சுற்று. அப்பா பக்கத்து இருக்கையில் காலணியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார்.

"என்னா கேக்குது?" என்பார்.

"ஒன்னும் கேக்கலப்பா" என்பேன்.

"அப்பன்னா சக்கரத்தக் கழட்டிப் பாத்துருவோம்" என்பார்.